கரிக்கோச்சியின் பின்பக்கம்: சாரதி அறையும் டெண்டரும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் சின்னக் கண்காட்சி ஒன்று வைத்தோம். நீராவி எஞ்சின் ஒன்றின் சாரதி அறையை, அட்டையும் பழைய தகரமும் கொண்டு, ஆள் ஏறி நிற்கக்கூடிய அளவில் செய்து வைத்திருந்தேன். பின்னால் டெண்டரின் பாதியும் இருந்தது. எஞ்சினின் முன்பக்கத்தைச் செய்யவே இல்லை. வந்த பிள்ளைகள் முதலில் கேட்டதும் அதைத்தான்: "புகைபோக்கி எங்கே, முகம் எங்கே?"

எஞ்சினைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் முகத்தைத்தான் எடுக்கிறார்கள். மனிதர்கள் நின்று வேலை செய்த இடம் பின்பக்கம். என் அம்மப்பா பயர்மனாக, அதாவது எஞ்சினின் நெருப்புக்குக் கரி போடுகிறவராக, இருந்தவர். அவர் சொன்ன கதைகளில் புகைபோக்கி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சவள், நெருப்பு, தண்ணீர், ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய், இவைதான் திரும்பத் திரும்ப வரும். அன்று கேட்ட கேள்விகளையும், அதற்குப் பிறகு தொலைபேசியில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டெண்டர் என்றால் என்ன? கேள்விப்பத்திரம் போடுவதுதானே டெண்டர்?

ஒரு தம்பி உண்மையாகவே இதைக் கேட்டார். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. கோச்சியில் டெண்டர் என்பது எஞ்சினுக்குப் பின்னால் கொளுவியிருக்கும் தனி வண்டி. எஞ்சினுக்கு வேண்டிய கரியும் தண்ணீரும் அதில்தான் வரும். எஞ்சினோடு ஒட்டியே இருந்து அதைப் பராமரிக்கிற வண்டி என்பதால் அந்தப் பெயர். சாரதி அறை எஞ்சினின் பின்முனையில், தண்ணீரை நீராவியாக்கும் பொயிலருக்கும் டெண்டருக்கும் நடுவில் இருக்கிறது. முன்னால் நெருப்பு, பின்னால் கரி, இடையில் இரண்டு மனிதர்கள்.

முதல் எஞ்சின்களில் கூரையே இல்லையாமே?

இல்லை. 1829 இல் ஸ்டீபன்சன் செய்த ராக்கெட் எஞ்சினில் சாரதி திறந்தவெளி மேடையில்தான் நின்றார். அதன் டெண்டரும் ஒரு சாதாரண வண்டில் மாதிரித்தான்: மேலே ஒரு மரப்பீப்பாயில் தண்ணீர், மிச்ச இடத்தில் எரிபொருள். பிறகு முகத்துக்கு நேரே ஒரு இரும்புத் தகடு வந்தது. அதில் மூக்குக்கண்ணாடி போல இரண்டு வட்டக் கண்ணாடிகள். பின்னர் அந்தத் தகட்டின் மேல்விளிம்பைக் கொஞ்சம் பின்னால் வளைத்தார்கள். பக்கச் சுவர்களும் முழுக் கூரையும் வந்து சேர இன்னும் பல வருடங்கள் பிடித்தன. அமெரிக்காவில் கடுங்குளிர் காரணமாக மூடிய அறை முந்தி வந்தது, இங்கிலாந்தில் பிந்தியது. ஆளுக்கு வசதி கொடுத்தால் தூங்கிவிடுவான் என்று நினைத்த காலம் அது. மழையில் நனைந்துகொண்டு நிற்பவன்தான் விழிப்பாக இருப்பான் என்று நம்பிய அந்த முதலாளிகள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

சாரதி அறைக்குள் ஏறினால் என்ன தெரியும்?

ஏறியதும் நேரே தெரிவது பொயிலரின் பின்சுவர். குழாய்களும் திருகுகளும் கைப்பிடிகளும் நிறைந்து, முதல் தடவை பார்ப்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். ஒழுங்கு பிடித்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

நடுவில் கீழே, முழங்கால் உயரத்தில், நெருப்புப் பெட்டியின் வாய். அதற்கு ஒரு கதவு. அதற்கு மேலே ரெகுலேட்டர் என்கிற நீண்ட கைப்பிடி. பொயிலரிலிருந்து, சில்லைச் சுழற்றும் பிஸ்டன் ஓடுகிற சிலிண்டருக்கு எவ்வளவு நீராவி போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். சாரதியின் பக்கத்தில் இன்னொரு பெரிய நெம்புகோல் அல்லது திருகுச் சில்லு இருக்கும். அது முன்னாலா பின்னாலா என்று திசையை மாற்றுவது மட்டுமில்லை. பிஸ்டனின் ஒவ்வொரு ஓட்டத்திலும் எவ்வளவு நேரம் நீராவியை உள்ளே விடுவது என்பதையும் அதுவே வைக்கிறது. புறப்படும்போது நிறைய, வேகம் பிடித்த பிறகு கொஞ்சம். நல்ல சாரதி இந்தக் கையில்தான் கரியை மிச்சம் பிடிப்பார்.

அப்புறம் பிரேக். இலங்கையில் நீண்ட காலம் வெற்றிட பிரேக்தான். நீராவியைக் கொண்டு குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருப்பார்கள். காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். அதனால் பெட்டி ஏதும் கழன்று குழாய் அறுந்தால் பிரேக் தானாகவே விழும். அதற்கு ஒரு மானி, நீராவி அழுத்தத்துக்கு ஒரு மானி, விசிலுக்கு ஒரு சங்கிலி, சில்லு வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவ ஒரு பிடி, எண்ணெய்ச் சொட்டுப் பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கண் மட்டத்தில், நீர்மட்டக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடி ஏன் அவ்வளவு முக்கியம்?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நெருப்புப் பெட்டி பொயிலருக்குள்ளேயே இருக்கிறது. அதன் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கீழே ஆயிரம் பாகைக்கு மேல் கொதிக்கிற நெருப்பு. அந்தக் கூரைத் தகட்டை உருகாமல் காப்பது மேலே நிற்கிற தண்ணீர் மட்டும்தான். தண்ணீர் வற்றிக் கூரை வெளியே தெரிந்தால் தகடு மெத்தென்று இளகி, அழுத்தம் தாங்காமல் கிழியும். பொயிலர் வெடிப்புகள் பல நடந்தது இப்படித்தான்.

உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்ல அந்தக் கண்ணாடிக் குழாய்தான் முக்கிய வழி. மேல்முனை நீராவிக்கும் கீழ்முனை தண்ணீருக்கும் திறந்திருக்கும். பொயிலருக்குள் இருக்கும் மட்டம் குழாயிலும் தெரியும். அநேகமாக இரண்டு கண்ணாடிகள் வைப்பார்கள், ஒன்று உடைந்தால் மற்றது. சுற்றிலும் தடித்த காப்புக் கண்ணாடி.

ஒரு சிக்கல் உண்டு. குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தாலும், முழுக்க வெறுமையாக இருந்தாலும், பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரவில், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், ஆடும் எஞ்சினில் நின்றுகொண்டு அதைப் பிரித்தறிய வேண்டும். இதற்கு யாரோ கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. குழாயின் பின்னால் ஒரு வெள்ளைத் தகடு, அதில் சரிவாகக் கறுப்புக் கோடுகள். தண்ணீர் இருக்கும் இடத்தில் அந்தக் கோடுகள் எதிர்ப்பக்கம் சரிந்து தெரியும். தண்ணீர் இல்லாத இடத்தில் இருந்தபடியே தெரியும். கண்காட்சியில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு, பின்னால் கோடு போட்ட தாளைப் பிடித்துக் காட்டினேன். ஒரு பிள்ளை குவளையை நான்கு தடவை நிரப்பி நான்கு தடவை ஊற்றினாள். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்.

கண்ணாடியை நம்பியும் இருந்துவிட முடியாது. குழாயின் வாயில் காவி அடைத்தால் பொய் சொல்லும். அதனால் அடிக்கொருதரம் கீழ்த்திருகைத் திறந்து தண்ணீரை வெளியே அடித்துவிட்டு மூடுவார்கள். மூடியதும் தண்ணீர் துள்ளி மேலே வர வேண்டும். சோம்பி ஏறினால் அடைப்பு இருக்கிறது. "துள்ள வேணும், ஊரக் கூடாது" என்பார் அம்மப்பா.

இவ்வளவுக்கும் தப்பித் தண்ணீர் குறைந்தால் கடைசிக் காவல் ஒன்று உண்டு. நெருப்புப் பெட்டியின் கூரையில், நடுவில் ஈயம் வார்த்த ஒரு ஆணி. மேலே தண்ணீர் இல்லாவிட்டால் ஈயம் உருகி, நீராவி நெருப்புக்குள் சீறி, ஆட்களை எச்சரிக்கும்.

இவ்வளவு அழுத்தம் உள்ள பொயிலருக்குள் பச்சைத் தண்ணீரை எப்படித் தள்ளுகிறார்கள்?

இன்ஜெக்டர் என்ற கருவியால். 1858 இல் பிரான்சைச் சேர்ந்த ஹென்றி ஜிபார்ட் கண்டுபிடித்தது. பொயிலரின் நீராவியையே ஒரு ஒடுங்கிய கூம்பு வழியாக மிக வேகமாகப் பாயவிடுவார்கள். அது டெண்டரிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீரில் கலந்து, தானும் தண்ணீராகி, தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிடும். அந்த வேகமான தண்ணீர் விரிந்த குழாய்க்குள் போகும்போது வேகம் குறைந்து அழுத்தம் கூடும். பொயிலரின் அழுத்தத்தையும் மிஞ்சும்போது வால்வைத் தள்ளித் திறந்து உள்ளே போய்விடும். உள்ளே சுழலும் உறுப்பு ஒன்றும் இல்லை. முதல் தடவை வாசித்தபோது நான் நம்பவில்லை.

ஒரு நிபந்தனை: டெண்டர் தண்ணீர் அதிகம் சூடாகக் கூடாது. சூடானால் நீராவி சரியாகத் தண்ணீராக மாறாது, இன்ஜெக்டர் பிடிக்காமல் துப்பிக்கொண்டிருக்கும்.

டெண்டருக்குள் எப்படி இருக்கும்?

குளம் தெரிந்தவர்களுக்கு டெண்டரை விளங்கப்படுத்துவது சுலபம். டெண்டர் என்பது சில்லு பூட்டிய குளம்.

மேலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் லாட வடிவில் இருக்கும். இரண்டு பக்கமும் பின்னாலும் தண்ணீர், நடுவில் கரி. கரி கிடக்கும் தளம் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்கும். வண்டி ஆட ஆடக் கரி தானாகவே பயர்மனின் காலடிக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக. சரிவு போதாத டெண்டர்களில் பயணத்தின் கடைசியில் பயர்மன் பின்னால் ஏறிப் போய்க் கரியை வாரி முன்னால் தள்ள வேண்டியிருக்கும். வரைபடத்தில் சரிவை ஒரு கோடு கூட்டிப் போட்டிருந்தால் ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் முதுகுவலி மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொட்டிக்குள் குறுக்கும் நெடுக்கும் தகடுகள் நிற்கும். அவை இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது அவ்வளவு தண்ணீரும் அலையாக முன்னால் வந்து மோதும். தகடுகளில் ஓட்டை இருக்கும். தண்ணீர் நகரலாம், பாயக் கூடாது. குளத்துக்குத் துருசு இருப்பதுபோலத் தொட்டியின் அடியிலும் ஒரு வால்வு. அதைச் சாரதி அறையிலிருந்தே திறந்து மூடலாம். அதற்கு ஒரு சல்லடை உண்டு, இலை தூசி இன்ஜெக்டருக்குள் போகாதபடி. நிரப்பும் வாய் பின்பக்கம் மேலே. நிறைந்து வழிந்தால் வான் பாய்வதுபோல டெண்டரின் முதுகால் ஊற்றும். பழைய படங்களில் டெண்டரின் பின்புறம் வெள்ளைத் தடங்களோடு இருப்பது இதனால்தான்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரி?

எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நடுத்தரமான ஆறு சில்லு டெண்டர் ஒன்றில் 3,000 முதல் 4,000 கலன் தண்ணீரும் ஐந்தாறு தொன் கரியும் பிடிக்கும். 4,000 கலன் என்றால் ஏறத்தாழ 18,000 லீற்றர். கோடை காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டு வருகிற பவுசர்கள் சிலவற்றை ஒன்றாக நிறுத்தினால் வரும் அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர எஞ்சின் ஒரு கிலோமீட்டர் ஓட, உத்தேசமாக 110 லீற்றர் தண்ணீரும் 13 கிலோ கரியும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 18,000 லீற்றர் 160 கிலோமீட்டருக்குத்தான் காணும். ஆறு தொன் கரியோ 450 கிலோமீட்டர் தாண்டியும் வரும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் கரி முழுப் பயணத்துக்கும் போதும். தண்ணீரை வழியில் இரண்டு தடவையாவது நிரப்ப வேண்டும். கரிக்கோச்சி என்று பெயர் வைத்தோம், ஆனால் அதை நிறுத்தி நிறுத்தி வைத்தது தண்ணீர்.

அப்படியானால் டெண்டரை இன்னும் பெரிதாகச் செய்திருக்கலாமே?

18 தொன் தண்ணீர், 6 தொன் கரி, அதோடு டெண்டரின் சொந்தப் பாரம். எல்லாம் சேர்த்து நாற்பது தொன்னைத் தாண்டிவிடும். அந்தப் பாரம் எதையும் இழுக்காது. எஞ்சின்தான் அதை இழுக்க வேண்டும். பெரிதாக்கினால் பெட்டி ஒன்றைக் குறைக்க வேண்டி வரும். அமெரிக்காவில் நீளமான ஓட்டத்துக்கு மிகப் பெரிய டெண்டர்கள் செய்தார்கள். யூனியன் பசிபிக் புகையிரத நிறுவனத்தின் பிக் பாய் எஞ்சினின் டெண்டர் 14 சில்லுகளில் ஓடியது. அங்கே பாலமும் தண்டவாளமும் அதைத் தாங்கின.

தண்ணீரை எங்கே, எப்படி நிரப்பினார்கள்?

நிலையத்தில் உயரத் தொட்டி, மேடையின் அந்தத்தில் ஒரு இரும்புத் தூண். தூணின் கை சுழன்று டெண்டருக்கு மேலே வரும்; அதில் தொங்கும் தோல் அல்லது கன்வஸ் குழாயை டெண்டரின் வாய்க்குள் விட்டுத் திருகைத் திறப்பார்கள். சாரதி எஞ்சினைக் கொண்டுவந்து அந்தத் தூணுக்கு நேரே நிறுத்துவது ஒரு கைப்பழக்கம். ஒரு முழம் தவறினாலும் குழாய் எட்டாது.

இங்கிலாந்தில் ஓடிக்கொண்டே நிரப்பினார்கள். 1860 இல் ஜோன் ராம்ஸ்பொட்டம் என்ற பொறியியலாளர் தண்டவாளங்களுக்கு நடுவில் நீளமான தொட்டி அமைத்து, டெண்டரின் அடியிலிருந்து ஒரு அகப்பையை இறக்கினார். ஓடும் வேகத்திலேயே தண்ணீர் மேலே ஏறியது. அதற்குச் சமதரையும் வற்றாத தண்ணீரும் வேண்டும். வன்னியில் முதலாவது தாராளமாக உண்டு. ஆவணி மாதத்துக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

தண்ணீரின் தன்மையும் முக்கியம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலில் வெள்ளையாகப் படிவது பொயிலர் தகட்டிலும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, கரி கூடச் செலவாகும், தகடும் கெடும். அதனால் பொயிலரை அடிக்கடி கழுவிச் சுரண்ட வேண்டும்.

தென்னாபிரிக்காவில் தண்ணீரைத் திரும்பப் பாவித்த எஞ்சின் இருந்ததாமே?

ஆம். 25 ஆம் வகுப்பு எஞ்சின்கள், 1953 முதல் 90 செய்தார்கள். கரூ என்ற வறண்ட நிலத்துக்காக. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கியால் வெளியே விடாமல் டெண்டருக்கு அனுப்பி, காற்றாடிகளால் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கினார்கள். டெண்டர் எஞ்சினைவிட நீளமானது. தண்ணீர்ச் செலவில் பத்தில் ஒன்பது பங்குவரை மிச்சம். பராமரிப்பு கடினமாக இருந்ததால் பிற்காலத்தில் பெரும்பாலானவற்றைச் சாதாரண எஞ்சினாக மாற்றிவிட்டார்கள்.

சாரதிக்கு முன்னால் இவ்வளவு நீளப் பொயிலர் இருக்கும்போது பாதை எப்படித் தெரிந்தது?

நன்றாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பக்கத்து ஜன்னலால் தலையை வெளியே நீட்டியே பார்த்தார்கள். தன் பக்கத்து வளைவு தெரியும், மற்றப் பக்கத்து வளைவைப் பயர்மன் பார்த்துச் சொல்ல வேண்டும். கைகாட்டியை இரண்டு பேரும் சத்தமாகச் சொல்லி உறுதிப்படுத்துவது இதனால் வந்த பழக்கம்.

இதைத் தீர்க்க அமெரிக்காவில் சதர்ன் பசிபிக் நிறுவனம் எஞ்சினையே திருப்பிப் போட்டது. சாரதி அறை முன்னால், புகைபோக்கி பின்னால், அதற்கும் பின்னால் டெண்டர். மலைச் சுரங்கங்களிலும், பனி விழாமல் பாதைக்கு மேல் போட்ட கூரைகளின் கீழும் ஆட்கள் புகையில் மூச்சுமுட்டியதுதான் முக்கிய காரணம். கரியை அவ்வளவு தூரம் கொண்டு போக முடியாது. எண்ணெய் எரித்ததால் குழாயால் அனுப்ப முடிந்தது.

எனக்குப் பிடிக்காத வடிவம் இன்னொன்று. 1877 இல் ஜோன் வூட்டன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் கழிவுக் கரி எரிக்க மிக அகலமான நெருப்புப் பெட்டி செய்தார். அறைக்கு இடமில்லாமல் போனது. சாரதியை எஞ்சினின் நடுவில் பொயிலர் மேல் ஏற்றிவிட்டு, பயர்மனைப் பின்னால் ஒரு சிறு கூரையின் கீழ் தனியாக விட்டார்கள். இருவரும் பேசிக்கொள்ளக்கூட முடியாது. ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவருக்குத் தெரியாது.

வன்னி வெயிலில் அதற்குள் எப்படி நின்றார்கள்?

வெப்ப நாடுகளுக்குச் செய்த எஞ்சின்கள் பலவற்றில் கூரையை இரட்டைத் தகடாகப் போட்டு, இடையில் காற்றோட விட்டார்கள். பக்கங்கள் அகலமாகத் திறந்திருக்கும், கூரையில் காற்றுக்கதவும் இருக்கும். அதெல்லாம் ஓடும்போது உதவும். நிலையத்தில் நிற்கும்போது முன்னால் நெருப்பு, மேலே வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரித்தூசி கண்ணுக்குள் வரும். இன்ஜெக்டரிலிருந்து ஒரு சிறு குழாய் எடுத்துக் கரிக்குத் தண்ணீர் அடித்துத் தூசியை அடக்குவார்கள். அம்மப்பா கழுத்தில் ஒரு ஈரத் துவாய் போட்டிருப்பாராம். புளியங்குளம் தாண்டுவதற்குள் காய்ந்துவிடும்.

கரி போடுவது வெறும் உடல்பலம்தானே?

இல்லவே இல்லை. நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளியவர்களுக்குத் தெரியும்: மொத்தமாகக் கொட்டினால் புகை, பார்த்துப் பார்த்துப் போட்டால் சுவாலை. பயர்மன் ஒவ்வொரு சவளையும் ஒரு மூலைக்கு என்று குறிவைத்துப் போட வேண்டும். உள்ளே பார்த்தால் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை வெளிச்சம். சவளின் தட்டைக் கவிழ்த்து வாசலில் பிடித்தால் அதன் மறைவில் நெருப்பின் நிலம் தெரியும். எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது, எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று பார்க்கலாம்.

அறையின் அமைப்பு இங்கேதான் உயிராகிறது. எஞ்சினும் டெண்டரும் தனித்தனியாக ஆடும். இடைவெளியை மூட ஒரு பிணைச்சல் போட்ட இரும்புத் தகடு. பயர்மனின் ஒரு கால் எஞ்சினில், மற்றக் கால் டெண்டரில். கரி அள்ளும் தட்டின் உயரமும் நெருப்பு வாசலின் உயரமும் பொருந்தியிருந்தால் இடுப்பைத் திருப்பினால் போதும். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு சவளுக்கும் குனிந்து நிமிர வேண்டும். ஒரு பயணத்தில் ஐந்து தொன்.

பின்பக்கமாக ஓட்ட முடியாதா?

முடியும், மெதுவாக. டெண்டர் பார்வையை மறைக்கும், தூசி முழுவதும் முகத்தில். அதனால் முனை நிலையங்களில் எஞ்சினைத் திருப்பச் சுழல்மேடை வைத்தார்கள். குறுகிய ஓட்டத்துக்கு டெண்டரே இல்லாத, தண்ணீரைத் தன் உடம்பிலேயே சுமக்கும் எஞ்சின்கள் உண்டு.

ஓட ஓட ஆள் மாற முடியுமா?

1928 இல் மாறினார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைல் நிற்காமல் ஓட, நைஜல் கிரெஸ்லி என்ற பொறியியலாளர் டெண்டரின் ஒரு பக்கத்தில் 18 அங்குல அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு நடைவழி வைத்தார். மாற்று ஆட்கள் முதல் பெட்டியில் இருந்து, பாதி வழியில் அதனால் குனிந்து வந்து வேலையை ஏற்றார்கள்.

வன்னிக்குக் கரிக்கோச்சி எப்போது வந்தது?

வடக்குப் பாதை 1905 இல் முழுதாகத் திறந்தது. வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எல்லாம் அதில் வந்தவை. மதவாச்சியிலிருந்து மடு, முருங்கன் வழியாகத் தலைமன்னாருக்கு 1914 இல். 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்து, மெல்ல மெல்லக் கரிக்கோச்சி மறைந்தது. 1990 இல் பாதையே நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கிளிநொச்சிக்கு 2013 இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014 இலும் கோச்சி திரும்பி வந்தது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

வன்னியில் இல்லை. கடுகண்ணாவை தேசிய புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்கள் இருக்கின்றன. சேர் தோமஸ் மெயிட்லண்ட் என்ற பெயர் கொண்ட 251 ஆம் இலக்க எஞ்சினைப் பாதுகாத்து, சுற்றுலாக் கோச்சிக்கு ஓட்டியிருக்கிறார்கள். அது டெண்டர் உள்ள எஞ்சின். போனால் முகத்தைப் படம் எடுத்துவிட்டு, பின்னால் வந்து எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையில் இருக்கும் தகட்டைப் பாருங்கள்.

சாப்பாட்டை எங்கே வைத்தார்கள்?

ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டது, அன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். நெருப்பு வாசலுக்கு மேலே பொயிலர் சுவரில் ஒரு சிறு இரும்புத் தட்டு இருக்கும். எண்ணெய்க் குவளையைச் சூடாக வைக்கத்தான் அது. அம்மப்பாவின் தேத்தண்ணிப் போத்தலும் அங்கேதான் இருந்ததாம். நான் செய்த அட்டை எஞ்சினில் அந்தத் தட்டை வைக்க மறந்துவிட்டேன். அவள் கேட்ட பிறகு, மாலையில் தகரம் வெட்டி, இரண்டு ஆணி அடித்துப் பூட்டினேன்.